பெரியம்மா வீட்டுக் கிணத்துக்குள்ள விழுந்த கல்லு

போன மாரிக்குப் பெரியம்மா வீட்டுக் கிணத்துக்கட்டின்ர ஒரு பக்கம் மண் அரிச்சுக்கொண்டு போய், ஒருநாள் விடியக்காலமை அவ எழும்பி வந்து பாத்தா உடுப்புத் தோய்க்கிற கல்லைக் காணேல்லை. ஆரோ தூக்கிக்கொண்டு போட்டினம் எண்டுதான் முதல்ல நினைச்சவவாம். பிறகு எட்டிப் பாக்கத்தான் தெரிஞ்சது, கல்லு கிணத்துக்குள்ள அடியில சரிஞ்சு கிடக்குது, தண்ணி தெளிவா இருந்தபடியா மேல இருந்து பாக்கவே வடிவாத் தெரியுது.

சின்னக் கல்லில்லை அது. சீமெந்தில வார்த்தது, மூண்டடி நீளம், ரெண்டடி அகலம், நாலு இஞ்சி மொத்தம். கணக்குப் பாத்தா ரெண்டு கன அடி, கிட்டத்தட்ட 135 கிலோ வரும். கிணறு 22 அடி ஆழம், அதில ஏழடி தண்ணி. கிடந்தாக் கிடக்கட்டும் எண்டு விட்டிருக்கலாம்தான், ஆனா அது சரியா மோட்டர்ப் பைப் இறங்கிற இடத்தில கிடந்தது, அதோட அந்தக் கல்லு பெரியப்பா தன்ர கையால வார்த்த கல்லு. பெரியம்மா எடுக்கோணும் எண்டு நிண்டவ, நாங்களும் ஓமெண்டு சொல்லிட்டம்.

முதல் நாள் நாங்கள் செய்த வேலையைச் சொல்லோணும். கிணத்துக்கு மேல ஏற்கனவே ரெண்டு தூண், குறுக்கால ஒரு மரம், அதில தண்ணி அள்ளுற கப்பி தொங்குது. பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருத்தன் நல்லாச் சுழியோடுவான், அவன் இறங்கி மூச்சை அடக்கிக் கல்லுக்கு ரெண்டு சுத்துக் கயிறு போட்டுக் கட்டிட்டு வந்தான். கயித்தைக் கப்பிக்கு மேலால எடுத்து மூண்டு பேர் பிடிச்சு இழுத்தம். கப்பி இருக்குத்தானே, பாரம் பாதியாக் குறையும் எண்டுதான் அங்க நிண்ட எல்லாரும் நினைச்சது, நானும்தான். ஏ.எல் கணிதம் படிச்ச தம்பி ஒருத்தனும் அதைத்தான் சொன்னவன்.

கல்லு அசைஞ்சது, மெல்ல மெல்ல மேல வந்தது, நாங்களும் பறவாயில்லையே எண்டு இழுத்துக்கொண்டு போறம். கல்லின்ர விளிம்பு தண்ணிக்கு மேல தெரிஞ்ச கையோட ஆரோ கீழ இருந்து பிடிச்சு இழுக்கிற மாதிரி ஒரு பாரம். கால் சறுக்குது, கயிறு கையை அறுக்குது, இன்னும் ஒரு முழம் எண்டு தம் பிடிச்சு இழுத்தம், மேல குறுக்கு மரம் "படார்" எண்டு முறிஞ்சு கப்பியோட கல்லோட எல்லாம் உள்ளுக்க போட்டுது. நல்ல காலம் ஒருத்தருக்கும் பெரிசா ஒண்டுமில்லை, என்ர ரெண்டு உள்ளங்கையும் மட்டும் உரிஞ்சு போச்சு. சுழியோடின பெடியன் அந்த நேரம் கிணத்துக்குள்ள நிண்டிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு நினைக்க இப்பவும் நெஞ்சு பதறுது, அவனை வெளியில வரச் சொல்லிட்டு இழுத்தது பெரியம்மா கத்தினபடியாத்தான்.

பின்னேரம் ரெண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற ஐயா ஒருத்தர் விசயம் கேள்விப்பட்டு வந்தவர். காங்கேசன்துறை சீமெந்து பக்டரியில பிற்றரா, மெசின் பூட்டித் திருத்திற வேலையில இருந்தவர், 1990இல பக்டரி நிண்டதோட வேலையும் நிண்டுபோன ஆக்களில ஒருத்தர். முறிஞ்ச மரத்தைப் பாத்தார், கப்பியைப் பாத்தார், என்ர கையைப் பாத்தார்.

"தம்பி, ஒத்தைக் கப்பி பாரத்தைக் குறைக்காது. திசையை மட்டும்தான் மாத்தும்" எண்டார்.

"அப்ப மரம் ஏன் ஐயா முறிஞ்சது?"

"கல்லு ஒரு பக்கத்தால இழுக்குது. நீங்கள் மற்றப் பக்கத்தால அதேயளவு இழுக்கிறியள். நடுவில நிக்கிற மரத்துக்கு ரெண்டு பாரமும்தானே?"

இதுக்குப் பிறகு நான் அந்த இடத்திலயே குந்திட்டன். எத்தினை வருசமாக் கப்பியில தண்ணி அள்ளுறம், ஒருநாளும் இதை யோசிக்கேல்லை. 135 கிலோக் கல்லை ஒத்தைக் கப்பியில தூக்க 135 கிலோ பெலத்தில இழுக்கோணும், மரத்தில விழுறது 270 கிலோ. வாளி தொங்கவிடப் போட்ட உளுத்த மரம் எப்பிடித் தாங்கும்? தண்ணிக்குள்ள இருக்குமட்டும் சுகமா வந்ததுக்கும் காரணம் கப்பியில்லை. கல்லு இடம்பிடிக்கிற அளவு தண்ணி, அதாவது 56 லீற்றர், அதின்ர பாரம் கல்லில குறையுது, தண்ணிக்குள்ள கல்லு 80 கிலோ மாதிரித்தான் இருக்கும். வெளியில வர வர அந்த உதவி இல்லாமப் போகுது, முழுப் பாரமும் வந்து விழுது, சரியா அந்த இடத்திலதான் மரம் முறிஞ்சது.

ரெண்டு நாள் கழிச்சு ஐயா குருநகர்ப் பக்கம் தனக்குத் தெரிஞ்ச ஆரிட்டயோ இருந்து ரெண்டு ரெட்டைக் கப்பி கொண்டந்தவர். ஒரு கூட்டுக்குள்ள ரெண்டு சில்லு பக்கத்துப் பக்கத்தில இருக்கிற கப்பி, போட்டைக் கரைக்கு ஏத்திறதுக்கு வைச்சிருக்கிறது. கிணத்துக்குக் குறுக்கால நல்ல வைரமான பனங்குத்தி ஒண்டு போட்டம், ரெண்டு பக்கமும் கட்டு இடியாத மாதிரித் தள்ளிக் கல்லடுக்கி அதுக்கு மேல. ஒரு கப்பி குத்தியில, மற்றக் கப்பி கல்லில. கயித்தின்ர ஒரு நுனியை மேல் கப்பியின்ர அடி வளையத்தில கட்டி, கீழ வந்து கீழ்க் கப்பியின்ர முதல் சில்லாலை சுத்தி, மேல போய், திரும்பக் கீழ வந்து, ரெண்டாவது சில்லாலை சுத்தி, மேல போய் எங்கட கைக்கு வருது. ஐயா சுட்டுவிரலால மணலில கீறிக் காட்டினவர், கல்லுக்கும் குத்திக்கும் இடையில எத்தினை கயிறு எண்டு எண்ணச் சொல்லி. நாலு. கல்லை இப்ப நாலு கயிறு பங்கு போட்டுத் தாங்குது, எங்கட கைக்கு வாறது அதில ஒரு பங்கு. 135ஐ நாலாப் பிரிச்சா 34 கிலோ. இதில வடிவா ஒண்டைக் கவனிக்கோணும், குத்தியில விழுற பாரமும் 270 இல்லை, 135உம் எங்கட 34உம் சேர்ந்து 169 தான்.

பெரியம்மாவிட்ட வெங்காயம் நிறுக்கிற தொங்கு தராசு ஒண்டு இருந்தது, 50 கிலோ மட்டும் காட்டும். எனக்கு ஆசை தாங்கேல்லை, இழுக்கிற கயித்தில அதைக் கொழுவிப் போட்டுத்தான் இழுக்கத் தொடங்கினம். கல்லு தண்ணிக்குள்ள இருக்கேக்க முள்ளு 27இல நிண்டது. வெளியில வந்த பிறகு 45. கணக்குப்படி 20உம் 34உம் தான் வரோணும். மிச்சம் எங்க போனது எண்டு கேக்க, ஐயா கப்பிச் சில்லில விரலை வைச்சுப் பாக்கச் சொன்னவர், அச்சு லேசாச் சுட்டுக்கொண்டு இருந்தது. உரஞ்சலில போகுது. நாலு சில்லு, ஒவ்வொண்டும் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுது. அதனாலதான் கப்பியைக் கூட்டிக்கொண்டே போய் 20 கப்பி போட்டு ஒரு விரலால வீட்டைத் தூக்க ஏலாது, ஒரு கட்டத்துக்குப் பிறகு கப்பியளைச் சுத்திறதுக்கே எங்கட பெலம் சரியாப் போயிடும்.

ரெண்டே ரெண்டு பேர்தான் இழுத்தது. கையில துணி சுத்தியிருந்தபடியா நோவும் இல்லை. ஆனா கயிறு! இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்குது, ஒரு அடி கயிறு இழுத்தாக் கல்லு மூண்டு இஞ்சிதான் ஏறுது, பின்னால வாழைப்பாத்தி மட்டும் போய் நிண்டு ஆரும் ஒருத்தர் கயித்தைப் பிடிச்சுக்கொள்ளத் திரும்பி வந்து திரும்பவும் இழுக்கோணும். கல்லு 25 அடி ஏறிக் கட்டுக்கு மேல வந்து முடியேக்க நாங்கள் இழுத்த கயிறு சரியா 100 அடி, முத்தம் முழுக்கக் கும்பி கும்பியாக் கிடந்தது.

எனக்கு இந்த இடம்தான் மனசில நிண்டது. 135 கிலோவை 25 அடி தூக்கினா 3375. 34 கிலோ பெலத்தில 100 அடி இழுத்தா 3400. உரஞ்சலை விட்டுப் பாத்தா ரெண்டும் ஒண்டுதான். கப்பி எங்களுக்கு ஒண்டையும் சும்மா தரேல்லை, பெலத்தைக் குறைச்சுக் கயித்தைக் கூட்டிக் குடுத்தது. கடன் மாதிரி, ஒருமிக்கக் குடுக்க ஏலாததை நாலு தவணையா வாங்கினது. எங்க பாரம் குறையுதோ அங்க தூரம் கூடுதா எண்டு பாருங்கோ, கூடும். தூரம் கூடாமப் பாரம் மட்டும் குறையுது எண்டு ஆராவது சொன்னா எங்கயோ கணக்குப் பிழை.

இதை வடிவா எழுதி வைச்சவர் கலிலியோ, 1600ஆம் ஆண்டளவில. இயந்திரத்தால இயற்கையை ஏமாத்தலாம் எண்டு நினைக்கிறது பிழை எண்டு சொன்னவர். அதுக்கு ஆயிரத்து எண்ணூறு வருசத்துக்கு முதலே ஆர்க்கிமிடிஸ் சிராக்கியூசில ஆக்களும் சாமானும் ஏத்தின கப்பல் ஒண்டைக் கப்பிக்கூட்டு வைச்சு இருந்த இடத்தில இருந்தே தனியா இழுத்தவர் எண்டு பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். உண்மையா அப்பிடியே நடந்ததோ தெரியாது, ஆனா நடக்கக்கூடியதுதான், அவர் எவ்வளவு கயிறு இழுத்திருப்பார் எண்டுதான் நான் இப்ப யோசிக்கிறன். எங்கட ஊரிலயும் இது புதுசில்லை. வல்வெட்டித்துறையில கட்டி 1938இல அமெரிக்காவின்ர குளொஸ்டர் துறைமுகம் மட்டும் போன அன்னபூரணி பாய்க்கப்பல், அதின்ர பாயளை ஏத்தி இறக்கினது எல்லாம் கயிறும் கப்பியும் தான். காத்து நிறைஞ்ச பாயை மனிசற்ற கை வேற எப்பிடி அடக்கிறது?

அப்ப கிணத்தில இருக்கிற ஒத்தைக் கப்பி பிரயோசனமில்லாத சாமானோ எண்டு தம்பி கேட்டவன். இல்லவே இல்லை. கப்பி இல்லாமத் தண்ணி அள்ளிப் பாத்த ஆக்களுக்குத் தெரியும், கட்டில குனிஞ்சு நிண்டு கையால மேல மேல இழுக்கோணும், முதுகு போகும். கப்பி இருந்தா நிமிந்து நிண்டு கீழ்நோக்கி இழுக்கிறம், எங்கட உடம்புப் பாரமே அரைவாசி வேலையைச் செய்யுது. பெலம் அதேயளவுதான், ஆனா உடம்புக்கு வசதியான பக்கம் திரும்பியிருக்குது.

கிணத்தில தண்ணி அள்ளுற நீள மரம், துலா, அதுவும் அப்பிடித்தான். இந்தக் காலத்துப் பிள்ளையளுக்குத் துலாவைக் காட்டுறதே கஷ்டம், ஒண்டு ரெண்டு வளவில இன்னும் நிக்குது. வீட்டுத் துலாவில பின்பக்கம் கல்லுக் கட்டியிருக்கும், வெறும் வாளியைக் கீழ இழுத்து விட்டா நிறைஞ்ச வாளியைக் கல்லு தூக்கித் தரும். தோட்டத்துத் துலா வேற சாதி. ஆடுகால் எண்ட ரெண்டு தூணுக்கு நடுவில அச்சுலக்கை, அதுதான் அச்சு, அதில நீளத் துலா, ஒருத்தர் தண்ணி அள்ளுற பட்டையைப் பிடிக்க மற்றவர் துலாவுக்கு மேல ஏறி அங்கயும் இஞ்சயும் நடப்பார். அப்பப்பா மிதிச்சவராம், விடிய நாலு மணிக்குத் தொடங்கினா வெயில் ஏறுமட்டும், பக்கத்தில பிடிக்கக்கூட ஒண்டும் இல்லாம. இதில பாருங்கோ, மிதிக்கிறவர் அச்சுக்குக் கிட்ட நடக்கிறார், பட்டை தொங்கிறது தூரத்து நுனியில. அதாலை அவற்ற கால் ஒரு அடி இறங்கப் பட்டை மூண்டு நாலு அடி ஏறும். இஞ்ச பேரம் மற்றப் பக்கம் நடக்குது, பெலத்தைக் கூடக் குடுத்துத் தூரத்தை வாங்கிறம். ஒரு மனிசன்ர முழு உடம்பும் பெலமா இருக்குது, ஆனா கிணறு ஆழம், அப்ப அதுதானே சரியான பேரம். கணக்கு ஒண்டும் படிக்காத ஆக்கள் எந்த இடத்தில அச்சுலக்கை வரோணும் எண்டு கண்ணாலயே பாத்து வைச்சிருக்கினம், எனக்கு அது பெரிய மதிப்பு.

எங்கட வீடு வழிய இருக்கிற அலவாங்கும், கடப்பாரை எண்டு சொல்லுற இரும்புக் கம்பி, இதே சொந்தம்தான். அந்தச் சொல்லே போர்த்துக்கேயச் சொல்லு, அவையின்ர மொழியில அலவாங்கா எண்டா நெம்புகோல். நானூறு வருசமா நெம்புகோலை நெம்புகோல் எண்டே கூப்பிட்டுக்கொண்டு கிடங்கு கிண்டுறம்.

இனிச் சைக்கிள். இதை எழுதத்தான் உண்மையில தொடங்கினனான், கல்லு நடுவில வந்திட்டுது.

கல்லு எடுத்த அண்டிரவு நித்திரை வரேல்லை, லைற்றைப் பிடிச்சுக்கொண்டு போய் என்ர பழைய சைக்கிளின்ர பல்லை எண்ணினன். முன்னுக்குப் பெடல் சில்லில 44 பல்லு, பின்னுக்கு 18. ஒருக்காப் பெடலைச் சுத்தினாப் பின் சில்லு ரெண்டரைத் தரம் கிட்டச் சுத்தும். 28 இஞ்சிச் சில்லு, ஒரு சுத்துக்கு ரெண்டே கால் மீற்றர் போகும். அப்ப ஒரு பெடலுக்குச் சைக்கிள் ஓடுறது கிட்டத்தட்ட ஐஞ்சரை மீற்றர். காலோ ஒரு மீற்றர் வட்டம்தான் சுத்துது. அஞ்சு மடங்கு தூரம் கிடைக்குது எண்டா அஞ்சில ஒரு பங்கு பெலம்தான் றோட்டுக்குப் போகுது, நான் 30 கிலோவில மிதிச்சா ரயர் றோட்டைத் தள்ளுறது ஆறு கிலோவிலதான். எனக்கு இது பெரிய ஆச்சரியம், ஏனெண்டாச் சைக்கிளைப் பெலத்தைக் கூட்டிற சாமான் எண்டுதான் அதுவரைக்கும் நினைச்சிருந்தனான். அது பெலத்தைக் குறைக்குது, வேகத்தைத் தருது. யாழ்ப்பாணம் மாதிரி மேடு பள்ளம் இல்லாத ஊரில அது காணும், அதனாலதான் ஒரு கியர்ச் சைக்கிளில எங்கட சனம் வாழ்க்கையையே ஓட்டினது, விறகு, சீமெந்துப் பை, பின்னுக்கு மனிசி, முன்னுக்குப் பிள்ளை எண்டு.

காத்து வந்தாத்தான் கதை மாறும். சோளகம் எண்ட தென்மேல் காத்து அடிக்கிற நாளில பண்ணைப் பாலத்தால வேலணைப் பக்கம் போய்ப் பாருங்கோ, மேடு இல்லாத றோட்டு மேடாகும், எழும்பி நிண்டு மிதிச்சாலும் சைக்கிள் நகராது. வெளிநாட்டில இருந்து வந்த மச்சான்ர கியர்ச் சைக்கிளை ஒருக்கா வாங்கிக்கொண்டு போனனான். முன்னுக்கும் 28 பல்லு பின்னுக்கும் 28 பல்லு எண்டு மாத்திவிட்டா ஒரு பெடலுக்கு ரெண்டு மீற்றர் சொச்சம்தான் போகுது, ஆமை மாதிரி, ஆனா கால் நோகாமப் போகுது. கல்லின்ர கயிறு மாதிரியேதான், மெல்லமா நிறையத் தரம்.

இதையே மற்றப் பக்கமா உச்சத்துக்குக் கொண்டு போனது எங்கட டைனமோ. 1990இல கரண்ட் போனாப் பிறகு பற்றியும் கிடையாத காலம். அப்பா சைக்கிளைத் தலைகீழா நிப்பாட்டி, டைனமோவை ரயரில சாத்தி, வயரை றேடியோவுக்குக் குடுத்திட்டு என்னைப் பெடலைக் கையால சுத்தச் சொல்லுவார். எனக்குப் பத்து வயசு. இப்ப கணக்குப் பாக்கிறன்: ஒரு பெடலுக்குச் சில்லு ரெண்டரைத் தரம், சில்லு ஒருக்காச் சுத்த டைனமோவின்ர சின்னத் தலை முப்பது தரத்துக்கு மேல. அப்ப நான் ஒருக்காச் சுத்த அது எழுபது எண்பது தரம் சுத்தியிருக்குது. அதனாலதான் அந்தப் பெடல் கைக்கு அவ்வளவு பாரமா இருந்தது, ஒரு சுத்துக்குள்ள எண்பது சுத்தின்ர வேலையை நான் அமத்திக் குடுத்துக்கொண்டு இருந்திருக்கிறன். கை சோர்ந்தா றேடியோவில பிபிசித் தமிழோசை மெல்ல மெல்ல அடங்கும், "சுத்தடா, சுத்தடா, செய்தி போகுது" எண்டு அம்மம்மா கத்துவா, ஒழுங்கைச் சனம் எல்லாம் முத்தத்தில குந்திக்கொண்டு இருக்கும். ஆர் ஆற்ற ஊரில என்ன நடந்தது எண்டு தெரிய வேற வழியில்லை. அந்தப் பல்லுச் சில்லில ஒரு பல்லு தேஞ்சு செயின் கழண்டாலும் அண்டைக்குச் செய்தி இல்லை.

கல்லுக்கு வருவம். கட்டைத் திருத்தி, கல்லைக் கொஞ்சம் தள்ளி நல்லா அத்திவாரம் போட்டு வைச்சாச்சு. தூணில புதுக் குறுக்கு மரமும் போட்டு ஒத்தைக் கப்பியைத் திரும்பக் கொழுவப் போகேக்க பெரியம்மா கேட்டவ, "தம்பி, உந்தக் கல்லுத் தூக்கின மாதிரி எனக்கும் செய்து தர ஏலாதோ?" அவவுக்கு வலது தோள் நோ. மோட்டர் இருக்குது, ஆனாச் சாமிக்கு வைக்கிற தண்ணியைக் கையால அள்ளினாத்தான் அவவுக்குத் திருப்தி.

செய்து குடுத்தன். கயித்தின்ர நுனி மரத்தில, வாளிப் பிடியில ஒரு சின்னக் கப்பி, பிறகு மேல் கப்பியால வந்து அவவின்ர கைக்கு. 12 கிலோ வாளி ஆறு கிலோவா இருக்கும் எண்டு சொன்னன், ஆனாத் தண்ணி 15 அடியில எண்டா 30 அடி கயிறு இழுக்கோணும், வாளி கீழ போகவும் ஆறுதலாத்தான் போகும், யோசிச்சுச் சொல்லுங்கோ எண்டும் சொன்னன்.

"எனக்கு என்ன அவசரம்? தோள்தானே நோகுது, நேரம் கிடக்குது" எண்டா.

இப்ப ஒவ்வொரு நாளும் விடிய அஞ்சரைக்கு அந்தக் கப்பி கிறீச் எண்டு கேக்கும், முந்தியை விட இரண்டு மடங்கு நேரம். கிறீஸ் பூச வாறன் எண்டு சொல்லிப் போட்டு இன்னும் போகேல்லை, வாற ஞாயிறு போகோணும்.